மொரிதா சானின் கிண்ணத்தில் விழுந்த முட்டை

வாழ்க்கையில் முதன்முதலாகச் சாப்பிடும் ஒரு பண்டத்தை, நம் வேலையைத் தீர்மானிக்கும் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே கூடாது. இதை நான் அவர் சட்டையெல்லாம் சூப்பு வழியக் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து புது மெஷின் வருவதாக இருந்தது. அதை ஓட்டப் பழகிக்கொள்ள, படப்பைக்காரனான என்னையும் சுங்குவார்சத்திரம் ஆரோக்கியத்தையும் அந்த நாட்டுக்கே அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் மொரிதா சான். ('சான்' என்றால் நம்ம 'சார்' மாதிரி.) சிரித்து நாங்கள் பார்த்திராத மனிதர். நாங்கள் தேறிவிட்டோம் என்று அவர் சொன்னால்தான் மெஷின் எங்கள் கைக்கு வரும். இல்லையென்றால் பழையபடி லோடு இறக்கப் போக வேண்டியதுதான். ஒவ்வொன்றையும் விளக்கிவிட்டு "ஓகே?" என்பார். பாதி புரியாமலே தலையாட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊரிலேயே பேர்போன ராமென் கடைக்கு எங்களைக் கூட்டிப்போனார். வாசலில் ரேஷன் கடை மாதிரி க்யூ. நான் கோட்டும் டையுமாகப் போயிருந்தேன். (கோட்டு அக்கா புருஷனுடையது. உள்ளே இன்னொரு ஆள் தாராளமாக இருக்கலாம்.) ஆளுக்கொரு பெரிய கிண்ணமும், எடுத்துச் சாப்பிட இரண்டு குச்சியும் வந்தன. ஆவி பறக்கும் கோழிச் சாறு, அதில் முழ நீளச் சேமியா, மேலே வழவழவென்று ஒரு முழு முட்டை.

கடைக்காரர் வேண்டுமா என்பதுபோல ஒரு முள்கரண்டியைத் தூக்கிக் காட்டினார். ஆரோக்கியம் பாய்ந்து வாங்கிக்கொண்டான்.

"நீயும் ஒண்ணு வாங்கிக்கோடா. குச்சில துன்ன உனக்கு இன்னா தெரியும்?"

"எல்லாம் தெரியும். நீ கம்முனு துன்னு."

மொரிதா சான் என்னைப் பார்த்து "ஓகே?" என்றார். தலையாட்டினேன்.

சேமியா குச்சியில் ஏறும், உதட்டருகே வரும், வழுக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடும். கடைசியில் ஒன்று அகலமாக மாட்டியது. வெற்றியோடு மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். என் டை.

அதைத் துப்பிவிட்டு, முட்டையாவது மரியாதை கொடுக்குமென்று இரண்டு குச்சியாலும் அமுக்கினேன். அது கிளம்பிவிட்டது. நேராக மொரிதா சானின் கிண்ணத்தில் போய்த் தொபுக்கென்று குதித்தது. அவருடைய கண்ணாடி, வெள்ளைச் சட்டை, நெற்றி எங்கும் சூப்பு. கடை முழுக்கச் சர் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டிருந்த சத்தம் அப்படியே நின்றது.

"போச்சு! நாளைக்கே நம்மள வூட்டுக்கு ஏத்தி வுடப் போறாரு. பொட்டிய கட்டிக்கோ" என்றான் ஆரோக்கியம்.

நான் எழுந்து நின்று கும்பிட்டேன். தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையும் மறந்துபோனது. "தெரியாது சார்... எனக்குத் தெரியாது சார்..." என்று தமிழிலேயே புலம்பினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு முட்டை. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்! கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடையே சேர்ந்துகொண்டது. பிறகு என் முட்டையைப் பூப்போலக் குச்சியில் எடுத்து என் கிண்ணத்தில் திரும்ப வைத்தார். என் விரல்களைப் பிடித்து, குச்சியை ஒவ்வொன்றாகப் பொருத்தி, சிலேட்டில் எழுதப் பழக்குவது போலப் பழக்கினார். முதல் வாய் உள்ளே போனதும் கடைக்காரர் கைதட்டினார். அந்தச் சுவை! இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது.

மறுநாள் மெஷினில் ஒரு வேலையைக் காட்டி முடித்தார். இந்தத் தடவை "ஓகே?" என்று கேட்கவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்து, "தெர்யாது?" என்றார். நான் கடையில் புலம்பியதை ஒரே இரவில் மனப்பாடம் பண்ணிவிட்டிருக்கிறார்!

முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். "தெரியாது சார்."

முகம் சுளிக்காமல் ஆரம்பத்திலிருந்து மறுபடி காட்டினார். பயிற்சி முடியும் வரை அப்படித்தான். ஊருக்குத் திரும்பியதும் அந்த மெஷின் எங்கள் கைக்கு வந்தது. ரிட்டையர் ஆகும் வரை அதுதான் எனக்குச் சோறு போட்டது. அந்த மனிதரை நினைக்காமல் நான் அதன் ஸ்விட்சைப் போட்டதில்லை.

இப்போது புதுப் போனை வைத்துக்கொண்டு நான் முழித்தால், என் மகள் இடுப்பில் கைவைத்து நின்று, "இன்னாப்பா, தெர்யாது?" என்பாள். வீடே சிரிக்கும்.

"தெர்யாது" என்பேன். பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பாள்.