ஆம்ப்ளிபயர் திருடனை அளந்த சென்டிமீட்டர்

மனிதனுக்கு முகம் எதற்கு என்று நெய்வேலியில் துணிந்து கேட்கக்கூடியவர் ஒருவரே. அவர் சென்டிமீட்டர் சார். சுரங்கத்தின் சர்வே பிரிவில் வேலை. மண்வெட்டும் இராட்சத இயந்திரத்தையும் வடலூர்ப் பேருந்துக்குக் காத்திருப்பவரையும் ஒரே கண்ணால் அளப்பார். பெயரை மறப்பார், உயரத்தை மறக்கமாட்டார். "நூத்தி அறுபத்தொம்பது வந்துட்டுப் போனாரும்மா" என்பார் மனைவியிடம். வந்தவர் யாரென்று அந்த அம்மையாருக்கும் புரிந்துவிடும்!

வாட்ஸ்அப் புதிதாகப் பரவிய காலம். எங்கள் பேச்சு மன்றத்தின் ஆம்ப்ளிபயர் களவு போனது. குரங்குக் குல்லாயால் முகம் மறைத்த ஒருவன் அதைத் தோளில் சுமந்து கதவைத் தாண்டும் சிசிடிவி காட்சி, டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றியது. மைக் செட்டைக் கவனிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஆரோக்கியத்தின் நடைதான் அது என்று செயலாளர் தீர்ப்பளித்தார். காவல் நிலையத்துக்குப் புகார் போனால், ஆரோக்கியம் பர்மனென்ட் ஆகும் வாய்ப்பு அன்றோடு முடிந்தது. அவருக்காக நான் அரைமணி நேரம் அடுக்குமொழியில் வாதாடினேன்.

"நல்லாப் பேசினப்பா" என்று பாராட்டிவிட்டுச் செயலாளர் புகார் எழுதத் தொடங்கினார்.

அப்போது நுழைந்தார் சென்டிமீட்டர் சார். கையில் ஆளுயரத்தை விஞ்சிய அளவுகோல். திருடன் கால் வைத்த அதே இடத்தில் கோலை நிறுத்தி, அதே கேமராவில் படமெடுத்து, இரண்டு படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார்.

"திருடன் நூத்தி அறுபத்தாறு. ரெண்டு மூணு முன்னபின்ன இருக்கும்." ஓரமாக நின்ற ஆரோக்கியத்தைக் காட்டினார். "இவரு நூத்தி எழுபத்தெட்டு."

"குனிஞ்சிகினு போயிருப்பான் சார்!" என்றார் செயலாளர்.

"முழங்காலுக்குக் கீழ எவனுங்க குனிவான்? அதையும் அளந்துட்டேன். அதுவும் ஒத்துவரல."

அவர் விடவில்லை. மன்றத்தார் அனைவரையும் அதே கதவு வழியே நடக்கவிட்டார். திருடனோடு அச்சாகப் பொருந்தியவர் ஒருவரே: செயலாளர்!

"ஐயோ, நான் அன்னிக்குக் குள்ளஞ்சாவடியில கல்யாணத்துல இருந்தேங்க!"

"பயப்படாதீங்க. ஊர்ல பாதிப்பேரு இந்த உசரம்தான். பொருந்தலன்னா, அவன் இல்லன்னு சொல்லலாம். பொருந்திச்சின்னா, அவன்தான்னு சொல்ல இந்தக் கோலுக்கு உரிமை கெடையாதுங்க."

நான் கேட்ட மேடைமுழக்கங்களில் எதுவும் அதற்கு நிகரில்லை. செயலாளர் புகாரில் ஆரோக்கியத்தின் பெயரைத் தம் கையாலேயே அடித்தார்.

ஆரோக்கியம் சென்டிமீட்டர் சாரின் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

"அழுதுகினு நிக்காதப்பா. வூட்ல பயந்துகினு இருப்பாங்க, மொதல்ல போய்ச் சொல்லு."

அளவுகோலை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு அவர் தெருமுனை திரும்பும்வரை, எங்களில் ஒருவரும் உட்காரவில்லை.