கடலுக்கு ஏறிப்போன படகு

எட்டாவது மதகு,
மதகுக்காரரின் அறை,
மத்தியானம்.

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு, சரிபார்ப்பதற்காக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அவள் படகின் கூரைமேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். சௌக்கியம்தான். என்னைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எட்டு நாளாக எதுவுமே சரியாகத் தெரியவில்லை. நீங்கள் போட்டுக்கொடுத்த கண்ணாடி ஆற்றுக்குள் கிடப்பது அதற்கு ஒரு காரணம். மற்ற காரணங்கள் கீழே வருகின்றன.

முதலில் ஒரு வேண்டுகோள். நான் உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. விடுப்பை நீட்டிக்கச் சொல்லிப் பேருந்து டெப்போவுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே நடுவில் எங்காவது 'மேலாளர் அவர்களுக்கு' என்று வந்தால், அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள் என்று புரிந்துகொள்ளவும்.

மூன்று வருடமாக நீங்கள் இருவரும் பேசுவதில்லை. அன்று நான் அங்கே இருந்தேன். உங்கள் இருவருக்கும் நடுவில், ஒரு ஸ்டூலில். மாமனாரின் பட்டறையைக் காலி செய்துகொண்டிருந்தோம். அங்கே கிடந்த அவருடைய படகை உடைத்துப் பலகையாக யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றீர்கள். அப்பா இதைக் கடல்வரை ஓட்டிப்போக ஆசைப்பட்டார், நான் ஓட்டுவேன் என்றாள் அவள். நீங்கள் சிரித்தீர்கள். "தெருமுனைக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, இவ கடலுக்குப் படகு ஓட்டப் போறாளாம்!" என்னைப் பார்த்துச் சொன்னதால் நானும் கொஞ்சம் சிரித்தேன். அந்தக் கொஞ்சத்துக்கான தண்டனையைத் தனியாக அனுபவித்து முடித்துவிட்டேன். "கடலுக்குப் போய்ட்டு வந்துதான் உன் வீட்டு வாசப்படிய மிதிப்பேன்" என்றாள். அவ்வளவுதான். பேருந்தில் நாலு மணி நேரத் தூரம். மூன்று வருடம்.

அவள் கடலைப் பார்க்காமல் உங்களைப் பார்க்க மாட்டாள். ஆகவே இது கடலுக்குப் போகும் பயணம் என்று நான் நினைக்கவில்லை. கடலைச் சுற்றிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருகிற பயணம். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் படகைத் திருப்பிவிடுவாள்.

கிளம்பிய அன்று டெப்போவிலிருந்து ஏழு பேர் வந்து பாலத்தில் நின்று கையசைத்தார்கள். படகு துறையை விட்டு விலகியதும் அவள் இடது பக்கம் திருப்பினாள். இடதா வலதா என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் தடுப்பணை இருப்பதால் தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் நிற்கும். எந்தப் பக்கம் போகிறது என்று அதுவே முடிவு செய்திருக்காது. கரையில் ஒரு பலகை, 212 என்று. கொஞ்ச நேரத்தில் 213. நான் இருபத்திரண்டு வருடமாகக் கால அட்டவணை எழுதுகிறவன். சாலையில் போகிற ஊர் நெருங்க நெருங்க எண் குறையும். இங்கே கூடுகிறது. கேட்டேன்.

"அது ஆறு பொறந்த எடத்துல இருந்து எண்ணிட்டு வர்றாங்க. நாம இவ்வளவு தூரம் வந்துட்டோம்னு அர்த்தம்."

"நாம இப்பதானே கெளம்பினோம்?"

"ஆறு முன்னாடியே கெளம்பிடுச்சுல்ல."

அடுத்த பலகையைப் பார்த்தேன். 214. 

இரண்டாம் நாள் இன்ஜின் இருமியது. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் ஏதோ சுற்றியிருக்கும், குனிந்து பாருங்கள் என்றாள். குனிந்தேன். என் கண்ணாடி என்னைவிட அதிகமாகக் குனிந்துவிட்டது. தூரத்தில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதுதான் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே சோதித்தீர்கள். அன்றிலிருந்து கரைப் பலகைகளைப் படிக்கிறேன், வரைபடத்தைப் படிக்க முடிவதில்லை. மலை தெரிகிறது, சட்டைப் பொத்தான் தெரிவதில்லை. உங்கள் தங்கையின் முகம் பக்கத்தில் இருப்பதால் அதிலும் எதையும் படிக்க முடியவில்லை. வரைபடம் அவள் மடியில் இருக்கிறது. "நாம எங்க இருக்கோம்?" என்றால் விரலை ஓர் இடத்தில் வைக்கிறாள். விரல் மட்டும் தெரிகிறது.

மதகுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் கதவு வைத்த பெரிய சிமெண்ட் தொட்டி. படகை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் மட்டத்தை மாற்றி, மறுபக்கக் கதவைத் திறந்து அனுப்புவார்கள். முதல் மதகில் நான் கயிற்றை எடுத்து, பேருந்துக் கூரையில் மூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை என்பதால் முழு மனதோடு செய்தேன். தண்ணீர் ஏறியது, படகின் பின்பக்கம் ஏறியது, முன்பக்கம் என் முடிச்சுக்குக் கட்டுப்பட்டுக் கீழேயே நின்றது, அடுப்பு நகர்ந்தது, அடுப்பின் பின்னால் பானை நகர்ந்தது, பானையின் பின்னால் ஒரு டஜன் முட்டை உருண்டு வந்து என் காலடியில் ஒவ்வொன்றாக உடைந்தது, மேலேயிருந்து அந்த மதகுக்காரர் "யோவ், அவுத்துவிடுய்யா! அவுத்துவிடு! படகு முழுவுதுய்யா!" என்று கத்துகிறார், நான் போட்ட முடிச்சு எனக்கே கண்ணுக்குத் தெரியவில்லை, உங்கள் தங்கை ரொட்டிக் கத்தியை எடுத்து வந்து ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்துவிட்டு, "மூட்டை எறக்கியாச்சு, போலாமா?" என்றாள்.

ஏழு மதகு தாண்டியிருக்கிறோம். கயிறு ஏழு முறை குட்டையாகியிருக்கிறது.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு மதகிலும் தண்ணீர் எங்களை மேலே தூக்கியது. உள்ளே போகும்போது கிணற்றில் நிற்கிற மாதிரி இருக்கும்; வெளியே வரும்போது வயல், மரம், மேயும் மாடு எல்லாம் கண் மட்டத்தில். எனக்கு அது பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னை இப்படி மேலே ஏற்றியதில்லை. முன்னேற்றம் என்றே நினைத்தேன்.

மேலாளர் அவர்களுக்கு, பயணத்தில் எதிர்பாராத தாமதம் ஏற்பட்டுள்ளபடியால் அடியேனுக்கு மேலும் பத்து நாட்கள் விடுப்பு

போய்விட்டாள். தீப்பெட்டி கேட்டு வந்தாள். "மேலாளருக்கு இவ்வளவு பெரிய லெட்டரா? பாவம் அவரு" என்றாள்.

என் குழப்பங்களில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாள் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து வந்தது. எங்களைக் கடந்து பின்னால் போனது. நாம் கடலுக்குப் போகும்போது ஒரு நாற்காலி ஏன் எதிர்ப்பக்கம் போகிறது? காற்று என்றாள். அன்று இலை அசையவில்லை. ஐந்தாம் நாள் ஒரு படகு வந்தது, அதில் எங்களைவிட வயதான ஒரு ஜோடி. அந்த அம்மா கைகுவித்து, "எங்க போறீங்க?" என்று கேட்டார்.

"கடலுக்கு!" என்று நான் கத்தினேன்.

"நாங்களும் கடலுக்குத்தான்!" என்று அவர் கத்தினார்.

இருவரும் சந்தோஷமாகக் கையசைத்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போனோம். அந்த அம்மாவின் கை வெகுநேரம் பாதியில் நின்றிருந்தது. தூரத்தில் என்பதால் தெளிவாகத் தெரிந்தது.

"அவங்க வேற கடலுக்குப் போறாங்க" என்றாள் உங்கள் தங்கை.

உலகத்தில் பல கடல்கள் இருப்பது உண்மைதானே என்று நான் ஏற்றுக்கொண்டேன். கடலை நெருங்கினால் ஆறு அகலமாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். இது நாளுக்கு நாள் ஒல்லியாகிக்கொண்டே வருகிறது. இன்று காலை பலகையில் 331.

இன்னொன்று. உங்கள் பழைய மழைக்கோட்டு இந்தப் படகில்தான் இருக்கிறது. மஞ்சள் நிறம், ஒரு பை கிழிந்தது. ஆணியில் தொங்குகிறது. ஆறாம் நாள் நல்ல மழை. எடுக்கப் போனேன். "அத எடுக்காதீங்க." "ஏன்?" "அது அண்ணனோடது." நான் நனைந்தேன். பக்கத்தில் அது நனையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் பற்றி நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியட்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

இந்த எட்டாவது மதகின் கதவுக்கு கிரீஸ் தீர்ந்துவிட்டதாம். நாளைக் காலைதான் திறக்கும். அந்த ஓய்வில்தான் இந்தக் கடிதம். மதகுக்காரர் தன் கண்ணாடியை இரவல் கொடுத்திருக்கிறார். ஒரு காது நூலால் கட்டியிருக்கிறது. ஆறு நாளுக்குப் பிறகு என் கையெழுத்தை நானே பார்க்கிறேன்.

ஆகவே நான் தங்களிடம் வேண்டுவது இரண்டே. ஒன்று, என் கண்ணளவு உங்கள் கடைப் பதிவேட்டில் இருக்கும். அதே மாதிரி ஒரு கண்ணாடி செய்து, கடற்கரை ஊர்த் தபால் நிலையத்துக்கு என் பெயரில் அனுப்பிவையுங்கள். பத்து நாளில் அங்கே இருப்போம். இரண்டாவது, அதே பொட்டலத்தில் அவளுக்கு ஒரு வரி எழுதி வையுங்கள். 'ஓட்டிட்டியே' என்று ஒரு வார்த்தை போதும். நேரில் வர வேண்டாம். வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பீர்கள், ஸ்டூல் எனக்குத்தான் போடுவீர்கள்.

தங்கள் மனைவிக்கு என் வணக்கம். பெண்ணுக்கு என் அன்பு. இவ்வளவு உயரம் என்று என் கையால் காட்டிய உயரத்தை அது எப்போதோ தாண்டியிருக்கும். எல்லோரும் கண்ணும் கருத்துமாக, முக்கியமாகக் கண்ணும், நன்றாக இருக்க விரும்பும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன்.

கடிதத்தை உறையில் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி மதகுக்காரரிடம் கொடுத்தேன். அவர் கையை நீட்டித் தூரத்தில் வைத்து முகவரியைப் படித்தார்.

"இதுக்கு எதுக்கு சார் தபாலு? கண்ணாடிக் கடைக்காரர்தானே? அடுத்த மதகு தாண்டி ரெண்டு வளைவு. சாயங்காலம் கிரீஸ் வாங்க அங்கதான் போறேன்."

"அது எப்படிங்க? நாங்க கடலுக்கில்ல போறோம்?"

அவர் என்னைப் பார்த்தார். படகைப் பார்த்தார். "சார், நீங்க தண்ணிய எதுத்து மேல ஏறிப் போய்ட்டு இருக்கீங்க. அந்த நம்பர் கடல்ல இருந்து எண்றது. கடலுக்கு நீங்க இன்னும் முந்நூத்தி முப்பத்தோரு கிலோமீட்டர் போகணும். அதுவும் இந்தப் பக்கமா இல்ல."

உங்கள் ஊருக்கு நான் வந்த மூன்று முறையும் மலைச்சாலைப் பேருந்தில்தான் வந்தேன். அது எனக்குத் தடம் எண் பதினாலின் கடைசி நிறுத்தம். அங்கே ஓர் ஆறு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கையில் உறையோடு ஓடினேன். அவள் இன்னும் கூரைமேல்தான் இருந்தாள். வெங்காயம் முடிந்துவிட்டது, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாம தப்பா வந்துட்டோம்! இது உங்க அண்ணன் ஊருக்குப் போற வழியாம்!"

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்க கண்ணாடி போச்சுல்ல. புதுசு போட வேணாமா? அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல."

மச்சான், கண்ணாடி விழுந்தது இரண்டாம் நாள். படகை இடது பக்கம் திருப்பியது முதல் நாள். நான் கால அட்டவணை எழுதுகிறவன். இது என் கண்ணில் படாமல் போகாது. ஆனாலும் ஆமாம், கண்ணாடி அவசியம் என்றேன்.

"அப்ப நீ சொன்னது? வாசப்படி மிதிக்க மாட்டேன்னு?"

"வாசப்படியத்தான் சொன்னேன். நான் படகை விட்டே எறங்கப் போறதில்ல. அவன் படித்துறைக்கு வந்து அளவெடுக்கட்டும்." பிறகு வெங்காயத் தோலை ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டாள். அவை எங்கள் ஊர்ப் பக்கமாகப் போயின. இப்போது அது எனக்குக் குழப்பமாக இல்லை. "லெட்டரு மேலாளருக்குத்தானே?" என்றாள்.

"ஆமா."

"மேலாளரு நாளைக்கு மத்தியானம் படித்துறையில நிப்பானா?"

நிற்பார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னிக்கவும். மதகுக்காரர் சைக்கிளில் ஏறிவிட்டார். கிரீஸ் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமாம், கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இந்த வரியை எழுதும்போது அது என்னிடம் இல்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கடல் இருக்கட்டும், அது எங்கேயும் போகாது. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்கிறோம்.

நாளை மத்தியானம். மழை வருகிற மாதிரி இருக்கிறது. கோட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம்.

படித்துறையில் வந்து நில்லுங்கள், போதும்.