பேக்கரிச் சுவரில் ஒரு நீதிமன்றக் கட்டளை

என் பெயர் அச்சடித்த காகிதம் எதையும் நான் வீசியதில்லை. ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கண்டியில் அடுத்தவன் பேக்கரியில் தட்டுக் கழுவி, இன்று கடுகண்ணாவை மெயின் ரோட்டில் சொந்தப் பேக்கரி வைத்திருக்கிறேன். என் பாண் விற்கும் மூன்று ஓட்டோக்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு மலையைச் சுற்றுகின்றன. இப்படிப்பட்ட மனிதனின் பெயர் ஒரு காகிதத்தில் வந்தால் அதைப் பிரேம் போடத்தானே வேண்டும்? வியாபார லைசன்ஸ், கோயில் நன்கொடை ரசீது, இரத்ததானச் சான்றிதழ் என்று கல்லாவுக்குப் பின்னால் சுவர் நிறைய என் பெயர்தான். (சாமி படங்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தன.)

ஒரு சின்னக் குறை உண்டு. சிங்களம் எனக்குப் பேச்சில் தண்ணீர் பட்ட பாடு. எழுத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் கடைக்கு வரும் சிங்களக் கடிதங்களை எல்லாம் சந்திரன்தான் வாசித்துச் சொல்வான். என் ஓட்டோ ஓட்டுநர்களில் மூத்தவன், சிங்களப் பள்ளியில் படித்தவன். மனைவி குவைத்துக்குப் போய்விட்டாள், பிள்ளையையும் அவள் வீட்டார் வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லியிருந்தான். பாவப்பட்டவன் என்று நானும் ஞாயிறுதோறும் அவனுக்கு ஒரு மாலு பாண் (மீன் வைத்த பன்) இலவசமாகக் கொடுத்து வந்தேன்.

ஒருநாள் ஒருவர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தார். மேலே அரசாங்க முத்திரை, கீழே பெரிய சீல். சந்திரன் வாசித்தான். முகம் வெளுத்தது. என் பெருமையைக் கண்டு மலைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

“என்னடா, ஏதும் பாராட்டா?” என்றேன். (இந்த முட்டாள்தனத்தைக் கவனியுங்கள். பதிலையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.)

கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னான்: “ஆமா முதலாளி. தொழிலாளிக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்கிறவர்னு கோட்டுல உங்க பேரப் பதிஞ்சிருக்காங்க.”

“கோட்டுலயா?”

“நீதவான் கையெழுத்தே இருக்குங்க.”

என் மனைவி பார்வதி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். “பாராட்டுறவங்க ஏங்க கையெழுத்து வாங்கிட்டுப் போறாங்க?”

“மரியாதைடி. உனக்கு இதெல்லாம் விளங்காது.”

அன்று மாலையே தங்க நிறப் பிரேம். நட்ட நடுவில் மாட்டி, சந்தனப் பொட்டும் வைத்தேன்.

அதன் பிறகு சிங்கள வாடிக்கையாளர்கள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறியது. பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் அதை வாசித்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி வாசித்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் என் தோளைத் தட்டி, “உங்களுக்கு நல்ல தைரியம் முதலாளி” என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி அவருக்கு ஒரு கேக் துண்டு இலவசமாகக் கொடுத்தேன்.

ஐந்து மாதம் இப்படியே போனது. ஆறாம் மாதம் ஒரு காலை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, ஒரு பெண் எட்டு வயதுச் சிறுமியோடு வந்து கல்லா முன்னால் நின்றாள்.

“நான் சந்திரனோட சம்சாரம் தேவி. அக்குறணையில துணிக்கடையில வேல செய்றேன். எம் புள்ள காச ஏன் முதலாளி புடிச்சி வச்சிருக்கீங்க?”

குவைத் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“என்னம்மா சொல்ற? எந்தக் காசு?”

“வேன்காரர் இவள ஏத்த மாட்டேங்கிறாரு, மூணு மாசம் பாக்கி. மூணு வாரமா புள்ள பள்ளிக்கூடமே போகல. மாசாமாசம் கோட்டுக்குப் போய் வரிசையில நின்னு கேக்கிறேன், ‘முதலாளி அனுப்பல’ன்னு சொல்லித் திருப்பி விடுறாங்க.”

எனக்கு இரத்தம் கொதித்தது. இத்தனை பேர் முன்னால் என்னைப் பிள்ளை காசு தின்றவன் என்பதா? எழுந்து நின்று, விரலைச் சுவருக்கு நீட்டினேன். “அங்க பாரு! நீதவானே என்னயப் பாராட்டிக் குடுத்தது!”

தேவி வாசித்தாள். நிதானமாக, கடைசி வரி வரைக்கும்.

“இதுல என்ன இருக்குன்னு தெரியுமா முதலாளி?”

“ஏன் தெரியாம?”

“புள்ள செலவுக்குத் தாபரிப்புக் காசு கட்டாத சந்திரனோட சம்பளத்துல, அவர் கையில குடுக்க முந்தி, புள்ளைக்கு உள்ளத நீங்க கழிச்சிக் கோட்டுக்கு அனுப்பணும். அதான் இருக்கு. அனுப்பலன்னா நீங்க பதில் சொல்லணும்னும் இருக்கு.” பிறகு பொட்டைப் பார்த்தாள். “இதுக்கு ஏன் சந்தனம் வச்சிருக்கீங்க?”

கடையில் யாரோ தும்முவது போல் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் சந்திரனின் ஓட்டோ வந்தது. தேவியைக் கண்டவன் அப்படியே திருப்பி இறக்கத்தில் விட்டான். அவசரத்தில் பாட்டை நிறுத்த மறந்துவிட்டான். மலையில் எந்த வளைவில் ஓடுகிறான் என்று ஊருக்கே கேட்டது. கால் மணித்தியாலத்தில் ஊரார் அவனைப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

“ஏண்டா பொய் சொன்ன?”

“நீங்கதானே முதலாளி பாராட்டான்னு கேட்டீங்க. அவ்ளோ சந்தோஷமா கேட்டா நான் எப்படிங்க இல்லன்னு சொல்றது?”

மறுநாள் எனக்கு அழைப்பாணை வந்தது. தேவி ஏற்கெனவே மனுக் கொடுத்திருந்தாள். இந்த முறை பக்கத்துப் பார்மசிக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

நான் பிடித்த சட்டத்தரணி கெட்டிக்காரர். “கடிதம் கிடைக்கவே இல்லைன்னு சொல்லுங்க. திரும்ப முதல்ல இருந்து அனுப்புவாங்க. நாலஞ்சு மாசம் ஓடிரும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். ஆனாலும் பார்வதி விடவில்லை. பிரேமைத் துணியில் சுற்றி என் கையில் திணித்தாள். “எதுக்கும் கொண்டு போங்க. பொய் சொல்ல வாய் வராட்டி இதக் காட்டுங்க.”

நீதிமன்றத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியதும் பழக்க தோஷம், ஹேவாஹெட்ட லயத்தில் தொடங்கி, தட்டுக் கழுவியது, மூன்று ஓட்டோ என்று, சிங்களம் பேசத் தெரிந்தும், தமிழில் முழங்கினேன். மொழிபெயர்ப்பாளர் பொறுமையாகக் கேட்டு, நீதவான் பக்கம் திரும்பி, “பேக்கரி” என்று ஒரே சொல்லில் முடித்தார்.

நீதவான் ஒரு பெண். “கட்டளை கிடைத்ததா?” என்று கேட்டார்.

சட்டத்தரணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இல்லை என்றால் போதும். என் பவிசும் தப்பும். பின் வரிசை வாங்கில் தேவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பிள்ளை, பள்ளிக்கூடம் இருக்கிற நாளில், பள்ளிக்கூடச் சட்டையோடு. இன்னும் நாலைந்து மாதம் அந்தச் சட்டை வீட்டில்தான் கிடக்கும்.

“கிடைச்சதுங்க அம்மா,” என்றேன். துணிப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அடுத்ததையும் சொன்னேன். “எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதுங்க.”

இதை நான் நாலு பேர் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. துணியைப் பிரித்துப் பிரேமை நீட்டினேன். நீதவான் அதை இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இந்தப் பொட்டு?”

“நான்தாங்க வச்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த நீதிமன்றத்தின் கட்டளைக்கு இவ்வளவு மரியாதை யாரும் செய்ததில்லை. கீழ்ப்படிய மட்டும்தான் மறந்துவிட்டார்” என்றார். கிளார்க் முதல் பொலிஸ்காரர் வரை சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் இதை மட்டும் ஒரு சொல் விடாமல், ரசித்து ரசித்துத் தமிழில் சொன்னார்.

ஐந்து மாதத்து நிலுவையை அன்றே என் கைக்காசில் கட்டினேன். சந்திரன் கணக்கில் மாதாமாதம் பிடிப்பதாக ஏற்பாடு. அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் எந்தச் சம்பளத்தில் பிடிப்பது? அடுத்த திங்கள் அந்தப் பிள்ளையை வேன் ஏற்றிக்கொண்டு போனதாகத் தேவி தொலைபேசியில் சொன்னாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆனால் நீதவான் சொன்ன அந்த வார்த்தை என் வீட்டிலேயே தங்கிவிட்டது. தேங்காய் வாங்கி வரச் சொன்னதற்கு நான் தலையாட்டிவிட்டு மறந்தால், “மரியாதை போதுங்க, கீழ்ப்படிங்க” என்கிறாள் பார்வதி. மருமகள்மாரும் பழகிக்கொண்டார்கள். போன தீபாவளிக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் எழுந்து நின்று, இனிமேல் இந்தக் கோட்டுக் கதையை யாரும் எடுக்கக் கூடாது, இது என் கட்டளை என்று சத்தமாகச் சொன்னேன்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கைகூப்பினார்கள். “சரிங்க” என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

நான் உட்காருவதற்குள் என் மூத்த மகன் தொடங்கிவிட்டான்: “அப்பாவுக்கு ஒருநாள் ஒரு கடிதம் வந்துச்சு…”