நிச்சயத்துக்கு ஒரு மாற்று ஐயர்

அலுவலகத்தில் கற்றதை வீட்டுக்கு எடுத்துவருகிற ஆள் ஆபத்தானவன். நான் அந்த ரகம். மைசூரில் எனக்கு டெவ்ஆப்ஸ் வேலை. கம்பெனியின் கணினிகள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று படுத்தால் மாற்று ஒன்று தானாக எழுந்து வேலையைத் தொடரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். (அம்மா இதை எல்லோரிடமும் "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்றுதான் சொல்வாள்.)

இந்தத் தத்துவத்தைச் சொந்த வாழ்க்கையிலும் புகுத்தினேன். பால் வரவில்லையென்றால் வேறு கடைக்குத் தானாக ஆர்டர் போகும். அலாரத்துக்கு எழவில்லையென்றால் இரண்டாவது போன் கத்தும். அதற்கும் எழவில்லையென்றால் அம்மா கத்துவாள். அது மட்டும் நான் செய்த ஏற்பாடு அல்ல.

தங்கை சுகன்யாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. எத்தனையோ ஜாதகம் தட்டிப்போன பிறகு, அவளுக்கே மனதுக்குப் பிடித்து அமைந்த குண்டலுபேட்டை வரன். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். ஆனால் நேரம் பார்க்காமல் டிராக்டரைக்கூட எடுக்க மாட்டார். இதெல்லாம் தெரிந்தும், "ஏற்பாடு பூரா நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சமையல்காரர், பூக்காரர், ஐயர் எல்லோருக்கும் ஆளுக்கொரு மாற்று. விடிந்ததும் என் புரோகிராம் ஒவ்வொருவருக்கும் "ரெடியா?" என்று செய்தி அனுப்பும். கொஞ்ச நேரத்தில் பதில் வராவிட்டால், என்னைக்கூடக் கேட்காமல் மாற்று ஆளை அழைத்துவிடும். சமையல்காரரும் பூக்காரரும் பதில் போட்டார்கள். ஐயர் கோயிலில் அபிஷேகத்தில் இருந்தார், போன் பைக்குள் இருந்தது. அபிஷேகம் முடித்து நிதானமாக வந்து மணையில் உட்கார்ந்தார். பின்னாலேயே ஸ்கூட்டரில் இன்னோர் ஐயர் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார்.

"என்றா சாமி, யார்றா இவரு?" என்றாள் அம்மா. பதற்றம் வந்தால் அவளுக்குப் பிறந்த ஊரான கொள்ளேகால் பேச்சு வந்துவிடும்.

"மாற்று ஐயர்மா."

"ஐயருக்கு எதுக்குடா மாத்து?"

திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் எழுவதற்குள் வந்தவர் பஞ்சாங்கத்தை விரித்துவிட்டார். "நோடி ஸ்வாமி, இங்க பாருங்கோ, நவமி இன்னும் முடியல. இப்ப லக்னப் பத்திரிகை வாசிக்கக் கூடாது."

எங்கள் ஐயர் தன் பஞ்சாங்கத்தை விரித்தார். "வாக்கியப்படி காலையிலயே முடிஞ்சாச்சே."

"வாக்கியத்த யாரு கேட்டா? இது திருக்கணிதம்."

(இரண்டும் இரண்டு கணக்கு, திதி முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.)

மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "சந்தேகத்தோட எதுவும் வேண்டாமுங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க."

இன்னொரு நாள் என்றால் இந்த வரனும் தட்டிப்போகும் என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் தொழிலில், தப்பு நடந்தால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு கட்டளை உண்டு. சம்பந்தியின் காதில் விழுந்துவிட்ட நவமிக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

அறைக்குள் இருந்த சுகன்யா பட்டுப்புடவையோடு நேரே கூடத்துக்கு வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமி, ரெண்டு பேரும் ஒத்துக்கற நேரம் இன்னிக்கு ஏதாவது இருக்குதுங்களா?"

இரண்டு ஐயர்களும் விரல் விட்டு எண்ணினார்கள். இருந்தது, விளக்கு வைக்கிற நேரத்தில்.

தட்டு மாற்றாமல் பந்தி போடும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. காலையில் வந்த ஜனம் முழுவதும் பிசிபேளாபாத் வாசனையை மோந்துகொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் சமையலறைப் பக்கம் நாலைந்து தடவை போய்வந்தார்.

ஒருவழியாகத் தட்டு மாற்ற நேரம் வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றார். "நகை, சீர் எதுவும் வேண்டாமுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறோமுங்க. கல்யாணத்துக்குப் பொண்ணோட அண்ணன் விருந்தாளியா மட்டும் வரட்டுமுங்க."

அம்மா என்னைக் கேட்காமலே சம்மதித்தாள்.

இன்றுவரை எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் பத்திரிகை எனக்குத்தான். அம்மாவும் சுகன்யாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு என் அறைக் கதவைத் தட்டுவார்கள். அம்மா குங்குமம் நீட்டுவாள். சுகன்யா சிரிக்காமல் சொல்வாள்: "அவசியம் வரணுமுங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாப் போதுமுங்க."