முப்பத்தேழு சதவீதமும் முருகனும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது படித்தவர்களின் வேலை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் மாட்டேன். வங்காளத்தில், டாக்குரியாவில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், இரண்டு வருடம் வரை நான் ஊமை என்றே எதிர்வீட்டு அம்மாள் நினைத்திருந்தாராம் (அந்த மரியாதை இப்போது இல்லை). அப்படிப்பட்ட நான் எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் என் கணவரின் பதவி உயர்வு இன்டர்வியூவை நான் தனி ஆளாக நின்று நாசம் செய்தேன். இவ்வளவு பெரிய காரியத்தை வேறு யாராவது எழுதினால் பாதியை விட்டுவிடுவார்கள்.

என் கணவர் ராமநாதன் ஓர் அரசு நிறுவனத்தில் கிளார்க். பதவி உயர்வுக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பி வந்தவர். இவரிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் இவருக்கே அதிகாரியாகி, இவருடைய லீவு லெட்டரில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற நான்கு வருடமே பாக்கி. ஆகவே மூன்றாவது முறைதான் கடைசி முறை. இவர் திறமைக்குக் குறைவில்லை. மூன்று பேர் சேர்ந்தாற்போலப் பார்த்தால் இவருக்குத் தன் பெயரே மறந்துவிடும். (எங்களுக்கு ஜாதகம் பார்த்தவர் கெட்டிக்காரர்.)

இந்த முறை டெல்லியிலிருந்து கேமரா வழியாக இன்டர்வியூ. சனிக்கிழமை காலை பதினொரு மணி. செல்போனில் பேசக் கூடாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும், முகம் முழுக்கத் தெரிய வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. இவர் இரண்டு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லிப் பழகினார். கண்ணாடியிடம் அருமையாகப் பேசினார்.

வெள்ளிக்கிழமை இவர் அலுவலகம் போனதும் நான் மேஜையைத் துடைத்தேன். கம்ப்யூட்டரில் ஏதோ வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. 'அணைக்காதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எனக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். ஆனால் அது எனக்காக எழுதியது என்று தோன்றவில்லை. மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது, பித்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து போட்டால் நீலத் திரை. 'பழுது பார்க்கப்படுகிறது' என்றது. சரி, நல்ல பிள்ளை, தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்கிறதே என்று சாம்பாருக்குப் பருப்பு வைத்தேன். ஒன்று, இரண்டு என்று ஏறி முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது. பருப்பு வெந்தது. அது வேகவில்லை.

ஜாதவ்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தபன்தாவுக்குப் போன் செய்தேன். என் வயதுக்காரர், பொறுமைசாலி. எங்கள் வீட்டில் எது கெட்டாலும் அவர்தான். நான் அரைகுறை வங்காள மொழியில் விஷயத்தைச் சொன்னதும் அவர் விளக்கினார். கம்ப்யூட்டரோடு சேர்த்திருக்கும் ஒவ்வொரு சாமானையும் அது 'நீ யார்' என்று விசாரிக்கும். அந்தச் சாமானை ஓட்டத் தெரிந்த டிரைவர் என்ற சின்ன புரோகிராம் அதனிடம் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே இடத்தில் நின்று விசாரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி போடுங்கள் என்றார்.

பிரிண்டரைப் பிடுங்கினேன். கேமராவையும் ஸ்பீக்கரையும் பிடுங்கினேன். மறுபடி போட்டேன். முப்பத்தேழு. மறுபடி போன்.

"வேற ஏதாவது சொருகியிருக்கா பௌதி?" என்று கேட்டார். (இங்கே அண்ணியைப் பௌதி என்பார்கள், அண்ணனைத் தாதா என்பார்கள்.)

"ஒண்ணும் இல்ல தாதா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். சத்தியமா ஒண்ணும் இல்ல."

"பின்னால என்னமோ பாட்டுச் சத்தம் கேக்குதே?"

"அது பூஜை" என்றேன். அவரும் மரியாதையாக விட்டுவிட்டார்.

மாலைக்குள் நான்கு முறை போட்டுப் பார்த்தேன். நான்கு முறையும் முப்பத்தேழு. ஆறரைக்கு இவர் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அணைத்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேரே கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டார். கண்ணாடியிடம்கூட அன்று திக்கினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தபன்தா நேரில் வந்தார். குனிந்து மேஜைக்கு அடியில் டார்ச் அடித்தார். பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை வயர் சுவரோடு ஏறிப் போவதைக் கண்டார். அந்த வயரையே பிடித்துக்கொண்டு மேலே போய், அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்.

"பௌதி, ஏட்டா கீ?" என்றார். இது என்ன என்று அர்த்தம்.

"அது சாமி" என்றேன்.

"சாமி எதுக்குக் கம்ப்யூட்டர்ல சொருகியிருக்காரு?"

நியாயமான கேள்வி. அது பழனியில் என் தம்பி வாங்கிக் கொடுத்த மந்திரப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நாள் முழுக்க 'ஓம் சரவணபவ' சொல்லும். அந்த வாரம்தான் அதன் சார்ஜர் புகைந்து போயிருந்தது. வயரின் முனை கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளைக்கு அளவெடுத்தாற்போல இருந்ததைக் கண்டுபிடித்தவள் நான். வியாழக்கிழமை சொருகினேன், உடனே மந்திரம் வந்தது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். எல்லாச் சாமானையும் பிடுங்கு என்றபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. சாமியைச் சாமான் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

தபன்தா சிரிக்கவில்லை. முதலில் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார், பிறகு வயரைப் பிடுங்கினார். அந்தப் பெட்டி கம்ப்யூட்டரில் சொருகினால் ஸ்பீக்கராகவும் மைக்காகவும் வேலை செய்யும் மலிவுச் சாமானாம். அதற்குத்தான் டிரைவர் தேடித் தேடி நின்றிருக்கிறது. இப்போது முப்பத்தேழைத் தாண்டி முப்பத்தெட்டு என்றது. என் கணவர் கண்ணில் தண்ணீர். எங்களுக்குக் குழந்தை பிறந்தபோதுகூட அவர் அப்படி நின்றதில்லை. பத்தேகாலுக்கு எல்லாம் சரியாயிற்று. கேமராவையும் ஸ்பீக்கரையும் திரும்ப மாட்டி, பேசிப் பார்த்து, வேறெதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தபன்தா போனார்.

இத்தோடு நான் சமையலறைக்குப் போயிருக்க வேண்டும்.

இவர் சட்டை மாற்றப் போனார். வீடு அமைதியாக இருந்தது. இப்படி ஒரு நாளில் முருகன் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறோமே என்று எனக்குப் பட்டது. பழுது பார்க்கும்வரைதான் பிடுங்க வேண்டும், பழுதுதான் பார்த்தாகிவிட்டதே என்று நியாயம் கண்டுபிடித்தேன். மேஜைக்கு அடியில் நுழைந்து வயரைச் சொருகினேன். மந்திரம் வரவில்லை. கோபமாக இருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திரையில் மூன்று பேரும் வந்துவிட்டார்கள், பத்து நிமிடம் முன்னதாகவே. வெளியே வந்தால் நானும் கேமராவில் தெரிவேன். முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் நைட்டியோடு தவழ்ந்து போவதைவிட அங்கேயே உயிரை விடலாம் என்று முடிவு செய்தேன்.

"குட் மார்னிங், மிஸ்டர் ராமநாதன்" என்றது முருகன் படம்.

பழுது பார்த்தபோது அந்த டிரைவரும் கிடைத்துவிட்டதால், கம்ப்யூட்டர் தன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு மந்திரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது என்று பிறகுதான் தெரிந்தது. இவர் விருட்டென்று திரும்பினார். கை தானாகக் கூப்பிக்கொண்டது. உங்களுக்கு ஏன் இந்தப் பதவியைத் தர வேண்டும் என்று அந்த மூவரில் தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி அலமாரியிலிருந்து வந்ததால் இவரும் அலமாரியைப் பார்த்தே பதில் சொல்ல ஆரம்பித்தார், திக்கித் திக்கி. நாங்கள் இந்தப் பக்கம் இருக்கிறோம் என்றார் தலைவர். அதுவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

நான் செய்ததை நானே சரி செய்துவிடுவது என்று கையை நீட்டி வயரைப் பிடுங்கினேன். அது கேமரா வயர்.

அவர்களுக்குப் படம் போய்விட்டது. ஒரு நிமிடம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள் (அதையும் முருகன்தான் சொன்னார்). சரி, குரல் கேட்கிறது, தொடருங்கள் என்றார்கள். இவரைப் பார்க்க இப்போது யாரும் இல்லை. திக்கல் நின்றுவிட்டது. இருபத்தைந்து நிமிடம், கூப்பிய கையோடு, ஒரு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. இவ்வளவு விஷயம் தெரிந்தவரையா இத்தனை வருடம் உப்புப் போதவில்லை என்று மட்டும் பேசவைத்தோம் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. இவர் பெயர் இல்லை. முகம் தெரியாததால் விதிப்படி மதிப்பெண் போட இயலவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் இவர் சொல்கிறார்: "என்னை இன்டர்வியூ எடுத்தது முருகன். அவரே ஃபெயில் பண்ணிட்டாரு." மகள் அதைத் தன் மாமியார் வீட்டிலும் சொல்லிவிட்டாள். அங்கிருந்து போன் வந்தால் முதலில் அலமாரியிலிருந்து பேசுவது யார் என்றுதான் கேட்கிறார்கள்.

இன்டர்வியூவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தபன்தா கடையில் மந்திரப் பெட்டிக்குப் புது சார்ஜர் வாங்கி வந்தேன். கேமராவைப் பிடுங்கியது நான்தான் என்று இவரிடம் சொன்னேன். தெரியும், கையைப் பார்த்தேன் என்றார். காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.