அரோகரா அண்ணன் பாஸான சோதனை

ஊவா மாகாணத்திலேயே அரோகரா அண்ணனை விட மெதுவாக வேன் ஓட்டியவர் கிடையாது. இனிப் பிறக்கப் போவதும் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அது. வழியில் கொய்யா பறிக்கக் குதித்த பயல், அடுத்த வளைவில் நிதானமாக நடந்து வந்து ஏறிக்கொள்வான். அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நான் முன்சீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். பேனா ஒருநாளும் கோணியதில்லை.

ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் கிளச்சை மிதித்து, "அரோகரா!" என்று மலை அதிரக் கத்துவார். பின்னாலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகளும் "அரோகரா!" என்பார்கள். கதிர்காமத்து முருகனே இந்த வேனுக்கு சீசன் டிக்கெட் எடுத்திருக்கிறான் என்று நான் கிண்டலடிப்பேன். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று, வேனை விட்டு இறங்கினால் மனுஷன் எங்கேயும் உட்கார மாட்டார். கல்யாணப் பந்தியிலும் இலையைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிடுவார்.

"என்னண்ணே, பந்தியோட சண்டையா?"

"வருஷம் பூரா உக்காந்துதானே டீச்சர் இருக்கேன்."

முதுகில் கோளாறு என்பது எல்லோருக்கும் தெரியும். தேயிலை ஃபெக்டரியில் மூட்டை தூக்கிய காலத்து அடி. எட்டு மாதமாகப் பதுளையில் ஒரு கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கினார். கடும் வலிக்கு மட்டுமே எழுதுகிற, அபின் இனத்து மாத்திரை. வலி என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. ஆகவே மருந்து நன்றாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த மாத்திரை எடுப்பவர்கள் சிறுநீர்ச் சோதனை செய்ய வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதே நாட்களில் பொலிஸாரும் ரோட்டில் மறித்து, டிரைவர்களுக்குப் போதைச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார். ரிசல்ட் தாளை நான்தான் வாசித்துச் சொன்னேன்: ஒன்றுமில்லை.

"நான் பாஸ் டீச்சர்! சொட்டு போதை இல்ல!"

வேன் முழுக்கப் பேக்கரியில் சீனி பணிஸ் வாங்கிக் கொடுத்தார். கிளினிக் டாக்டரம்மாவுக்கும் ஒன்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, சாட்சிக்கு என்னையும் இழுத்துப் போனார்.

டாக்டரம்மா யாழ்ப்பாணம். பணிஸைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சிரிக்கவில்லை.

"ஐயா, இதில அந்த மருந்து தெரிய வேணும். தெரியேல்லை. மாசாமாசம் வாங்கிற குளிசையை ஆருக்குக் குடுக்கிறியள்?"

"சுத்தமா இருந்தா குத்தமாங்க?"

"நீங்கள் போடேல்லை எண்டால், விக்கிறியள் எண்டுதான் நினைப்பினம். நான் மேல அறிவிக்க வேணும்."

பள்ளி வேன் டிரைவர் போதை மாத்திரை விற்றார் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாள் ஒரு பிள்ளை ஏறாது. அண்ணன் தலையைக் குனிந்து நின்றார். "நாளைக்கு வாரேங்க" என்று வாசலுக்கு நடந்தார்.

மறுநாள் பிஸ்கட் டின் ஒன்றோடு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். உள்ளே கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள், மாத வாரியாக, ரப்பர் பட்டி போட்டு. முதல் உறையைத் தவிர எதுவும் பிரிக்கப்படவில்லை. அதிலும் ஒரே ஒரு மாத்திரைதான் குறைந்திருந்தது.

"அந்த ஒண்ணு ஞாயித்துக்கெழம போட்டேங்க. வலி போயிருச்சு. ஆனா திங்கக்கெழம காலையில கண்ணு சொருகிச்சு, ரோட்டு ரெண்டா தெரிஞ்சிச்சு. பின்னால இருபத்திரெண்டு புள்ளைங்க. அதோட விட்டுட்டேன்."

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"அத்தன பேரப் பாத்து, கை நோக எழுதிக் குடுக்கிறீங்க. வேணாம்னா ஒங்க மனசு சங்கடப்படாதுங்களா?"

மரியாதைக்காகச் சீனி இல்லாத தேத்தண்ணி குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மரியாதைக்காக மாதாமாதம் அபின் மாத்திரை வாங்கி அடுக்கியவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. மாத்திரையே போடாமல்தான் இந்த மனுஷன் ஒவ்வொரு வளைவிலும் கிளச்சை மிதித்திருக்கிறார். அந்த அரோகரா பக்தி இல்லை, வலி. நாங்கள் இத்தனை வருஷமாக அதற்குப் பின்பாட்டுப் பாடியிருக்கிறோம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

டாக்டரம்மா உறைகளைத் தன் பதிவோடு ஒத்துப் பார்த்து, டின்னைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "முதலே சொல்லியிருந்தால் வேற வழி பாத்திருப்பன், அண்ணை" என்றார். முதல் நாள் ஐயாவாக இருந்தவர் அண்ணை ஆகிவிட்டதை நான் கவனித்தேன். தூக்கம் வராத வேறு மருந்து, இடுப்புக்குப் பட்டி, தினமும் செய்யப் பயிற்சி என்று எழுதினார். மேசையில் கிடந்த நேற்றைய பணிஸையும் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதத்தில் வளைவுகள் அமைதியாகிவிட்டன. வேனின் வேகம் மட்டும் மாறவில்லை. பிள்ளைகளுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

போன வாரம், கடைசி வளைவில் திடீரென்று, "அரோகரா!"

முதல் தடவையாக என் பேனா தாளில் கோணிக்கொண்டு ஓடியது.

"அண்ணே! வலிக்குதா?"

"இல்லீங்க டீச்சர். இது சாமிக்கு."

பிள்ளைகளை முந்திக்கொண்டு நான் கத்தினேன்.