குதிரைப் பல்லுக்கு இன்னும் ஒரு கோர்ஸ்

தகுதி பெற்றுக்கொண்டே இருக்கும் இனம் என்று ஒன்று நம்மிடையே உலவுகிறது. ஆளைப் பார்த்தால் தெரியாது, அவர் வீட்டுச் சுவரைப் பார்த்தால் தெரியும். சுண்ணாம்பு கண்ணில் படாத அளவுக்குச் சான்றிதழ் மாட்டியிருப்பார். வேலையை எப்போது தொடங்குவீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இன்னும் ஒரு கோர்ஸ் பாக்கி என்பார்.

நாசரேத் கிருபாகரன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். கால்நடை மருத்துவம் முடித்தார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆள் இருக்கிறது, குதிரைப் பல்லுக்குத்தான் இல்லை என்று கண்டுபிடித்து, வெளிநாட்டுக்காரர்களிடம் ஆன்லைனில் அடிப்படைப் படிப்பு, இடைநிலைப் படிப்பு, அதற்கும் மேலே ஒன்று என்று படித்து, அவர்கள் அனுப்பிய பிளாஸ்டிக் தாடையை மடியில் வைத்து அரத்தால் ராவு ராவென்று ராவி, தூத்துக்குடியில் ‘குதிரைப் பல் சிறப்பு மருத்துவர்’ என்று போர்டும் மாட்டிவிட்டார். உயிருள்ள குதிரையின் வாயில்தான் இன்னும் கை வைக்கவில்லை. ஏன்? பயம். வேறென்ன?

முதலில் வந்தவர் சண்முகசுந்தரி, கல்யாண வயதில் ஒரு மகனோடு.

“ஏலே, வாயத் திறந்து காட்டு. குதிரைப் பல்லுன்னு இவனுக்கு எவரும் பொண்ணு குடுக்க மாட்டேங்காவ சார். உள்ள தள்ளிருவீயளா?”

வேறு டாக்டராக இருந்தால் கூசிப்போயிருப்பார். கிருபாகரனோ, வந்தது குதிரையில்லை என்ற நிம்மதியில் இருவருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்து, மனிதப் பல் டாக்டர் ஒருவரின் விலாசமும் சொல்லி அனுப்பினார். தன் பிழைப்பை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

அடுத்து வந்தது குதிரையேதான். பந்தய வண்டி ஓட்டும் கொற்கை தங்கதுரை தன் பெண் குதிரையை மினி லாரியில் ஏற்றி வந்திருந்தார். புல்லை மென்று மென்று துப்புகிறது, விலா எலும்பு தெரிகிறது என்றார். கிருபாகரன் எட்ட நின்றபடியே, கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் கிழிப்பதைப் பற்றி அருமையாக ஒரு வகுப்பு எடுத்தார். பிறகு, அடுத்த மாதம் ஒரு கோர்ஸ் இருக்கிறது, முடித்துவிட்டுப் பார்க்கலாமே என்று இழுத்தார்.

“அதுவர எங்குதிரை எதத் திங்கும் சார்?” என்றார் தங்கதுரை.

கிருபாகரன் கோர்ஸை மறந்து பெட்டியைத் திறந்தார். மயக்க ஊசி போட்டு, இரும்புச் சட்டத்தை மாட்டி வாயைத் திறந்து நிறுத்தி, கையை உள்ளே விட்டார். அந்தக் கூர் விரலில் தட்டுப்பட்டதும் பயம் போன இடம் தெரியவில்லை. அரத்தை எடுத்துப் பதமாக ராவினார். மறுநாள் காலையில் குதிரை புல்லை மென்று விழுங்குவதை நேரில் போய்ப் பார்த்தபோது கண் கலங்கியேவிட்டது.

தங்கதுரைக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கொட்டிலில் ஆண் குதிரை ஒன்றும் நிற்கிறது, வந்த கையோடு அதன் வாயையும் பார்த்துவிடுங்கள் என்றார்.

“ஆணா?” கிருபாகரன் ஓர் எட்டு பின்னால் வைத்தார். “ஆணுக்குக் கோரைப்பல் இருக்கும் அண்ணாச்சி. அது தனி கோர்ஸ்.”

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு, இதை முதலில் படித்துவிடுவோம் என்றுதானே உட்கார்ந்தீர்கள்?